கம்பலையும் பாழும்: மதுரைக்காஞ்சியில் நகர ஒலியும் நிலையாமையும்

ஆய்வுச்சுருக்கம்

பத்துப்பாட்டுள் மிக நீண்ட பாட்டாகிய மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடையது. அதன் நடுப்பகுதி மதுரை நகரின் ஒரு நாளைப் பகலங்காடி முதல் வைகறை வரை வரிசையாகக் காட்டுகிறது. இப்பகுதியை நகர வளத்தின் காட்சி வருணனையாகக் கொள்வதே பெருவழக்கு. நகரின் பொழுதும் இடமும் ஒலியால் அளக்கப்படுகின்றன என்பதையும், அவ்வொலிகளைச் சுட்டும் வினைச்சொற்கள் சில பாட்டின் முற்பகுதியில் அழிந்த ஊர்களுக்கும் மாண்ட மன்னர்க்கும் உரிய ஒலிகளையே சுட்டி நிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. நகர ஒலியே இப்பாட்டில் காஞ்சிப் பொருளை உணர்த்தும் கருவியாகிறது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: மதுரைக்காஞ்சி, கம்பலை, நாளங்காடி, அல்லங்காடி, சேரி, வைகறை, பாழ், நிலையாமை.

முன்னுரை

ஒரு நகரைக் கண்ணால் கண்டு எழுதுவது ஒரு முறை. காதால் கேட்டு எழுதுவது மற்றொரு முறை. கண் ஒரு திசையையே நோக்கும். காது எல்லாத் திசைகளிலிருந்தும் ஒருசேர ஏற்கும். கண் இருளில் செயலற்றுப் போகும். காது இருளில்தான் கூர்மை பெறும். ஆகவே ஒரு நகரின் இரவைப் பாட முற்படும் புலவர்க்கு ஒலியே முதற் சான்றாக அமைவது இயல்பு.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, இவ்வகையில் தமிழில் கிடைக்கும் மிக விரிவான பதிவாகும். பகல் அங்காடி, மாலை விழா, இரவு அங்காடி, முதல் யாமம், இடையாமம், நள்ளிரவு, வைகறை என ஒரு முழுநாளின் சுற்று அதில் இடம்பெறுகிறது. ஒவ்வொரு பொழுதும் அதற்கே உரிய ஒலியுடன் வருகிறது. சங்கறுப்போர், பொன் உரைத்துப் பார்ப்போர், அடை சுடுவோர், கள் விற்போர், பாகர், காவலர் என அன்றாட நகர வாழ்வின் மாந்தர் பலர் அரசனது புகழுக்காக எழுந்த பாட்டில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

1889ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததிலிருந்து, மதுரைக்காஞ்சி பண்டைய நகர வாழ்வின் வரலாற்று ஆவணமாகப் பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. வணிகம், சமயம், தொழிற் பிரிவு, கோநகர் அமைப்பு ஆகியவற்றுக்கு இப்பாட்டிலிருந்து சான்று காட்டுதல் வழக்கம். அவ்வாறு சான்று காட்டும்பொழுது நகர்ப்பகுதி தனித்து எடுக்கப்பட்டு, பாட்டின் முற்பகுதியில் உள்ள போரழிவும் நிலையாமை அறிவுரையும் வேறொரு பொருளாக ஒதுக்கப்படுகின்றன. இரண்டு பகுதிகளையும் ஒலிவழியாகப் படித்தால் அவற்றின் உறவு தெளிவாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. ஒலிச்சொற்களும் திணைக்கோட்பாடும்

தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கு சொற்களுக்கும் அரவம் என்று பொருள் கூறுகிறது. இந்நான்கனுள் அழுங்கல் என்பது இரக்கம், கேடு ஆகிய பொருள்களையும் தரும் என்பது அவ்வியலிலேயே சுட்டப்படுகிறது. ஒலிப்பெயர் ஒன்று அழிவுப் பொருளையும் தன்னுள் கொண்டிருப்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. மிக்க ஒலிக்கும் கேட்டுக்கும் உள்ள தொலைவு பெரிதன்று என்பதை மொழியே உணர்த்துகிறது.

கருப்பொருள்களை வகுக்குமிடத்துத் தொல்காப்பியர் புள், பறை, யாழ் ஆகியவற்றைச் சேர்த்துள்ளார். பறவையின் குரல், தொழிலொடும் சடங்கொடும் இயைந்த பறை, பண்ணொடு இயைந்த யாழ் என்னும் மூன்றும் ஒலியால் அறியப்படுவன. ஒரு நிலத்தை அதன் உணவாலும் மரத்தாலும் அடையாளம் காண்பது போலவே அதன் ஒலியாலும் அடையாளம் காணலாம் என்னும் கருத்து திணைக்கோட்பாட்டிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

கனடா நாட்டு இசையமைப்பாளரும் ஒலிச்சூழல் ஆய்வுக்கு வித்திட்டவருமாகிய ஆர். மர்ரே ஷேஃபர், 1977இல் வெளியிட்ட 'தி டியூனிங் ஆஃப் தி வேர்ல்ட்' என்னும் நூலில் ஒரு சூழலின் ஒலிகளை மூவகைப்படுத்தினார். எப்போதும் பின்னணியில் நிற்பது அடியொலி. கவனத்தை ஈர்த்துச் செய்தி உணர்த்துவது குறிப்பொலி. ஓர் இடத்துக்கே உரியதாய் அங்கு வாழ்வோர் போற்றுவது அடையாள ஒலி. தனித்தனி ஒலிகள் தெளிவாகக் கேட்கும் சூழலையும், பல ஒலிகள் கலந்து ஒன்றும் பிரித்தறிய இயலாத சூழலையும் அவர் வேறுபடுத்தினார். நெரிசல் மிக்க நகரச் சூழலைப் பின்னைய வகையில் அவர் அடக்கினார்.

மதுரைக்காஞ்சியில் இவ்விரு நிலைகளும் ஒரே நகரில், ஒரே நாளின் வெவ்வேறு பொழுதுகளில் அமைகின்றன. அங்காடிப் பொழுதுகளில் ஒலி திரண்டு வருகிறது. வைகறையில் அது தனித்தனியே பிரிந்து வருகிறது. முன்னதைத் தொகையொலி என்றும் பின்னதை விரியொலி என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. இரண்டினையும் புலவர் வேறு வேறு உத்திகளால் பாடியுள்ளார். தொகையொலிக்கு உவமை தருகிறார். விரியொலிக்கு வினைச்சொல் தருகிறார்.

2. நாட்டொலியிலிருந்து நகரொலிக்கு

நகருள் புகுமுன் பாட்டு பாண்டிநாட்டின் ஐந்நிலங்களையும் காட்டுகிறது. மருதத்தில் கரும்பாலையின் ஓசையும், களை பறிப்போரின் ஓசையும், சேற்றில் அழுந்திய எருதின் துயர் தீர்க்கும் களமரின் ஆரவாரமும், நெல்லரிவோரின் பறையொலியும் கேட்கின்றன. குறிஞ்சியில் தினைப்புனத்துக் கிளியை ஓட்டும் ஓசை, அவரைத் தளிரை மேயும் ஆமாவைக் கானவர் விரட்டும் ஓசை, குழியில் வீழ்ந்த பன்றியைக் கொல்லும் ஓசை, வேங்கைப் பூப் பறிக்கும் மகளிர் எழுப்பும் ஓசை, புலியின் ஓசை எனப் பூசல் என்னும் சொல் அடுத்தடுத்து வருகிறது.

இவை பெரும்பாலும் தொழிலின் ஒலிகள். ஒவ்வொன்றும் யார் எழுப்பியது, எதற்காக எழுப்பியது என்பது உடன் கூறப்படுகிறது. காரணமின்றி எழும் இரைச்சல் என்று எதனையும் புலவர் கூறவில்லை. கேட்போர் ஒலியிலிருந்து தொழிலையும், தொழிலிலிருந்து நிலத்தையும் உணரும்படி பாட்டு அமைகிறது. நகருள் நுழைவதற்கு முன்னரே கேட்போரின் செவிக்கு அளிக்கப்படும் பயிற்சியாக இதனைக் கொள்ளலாம். நிலத்தில் தனித்தனியே கேட்ட இத்தொழிலொலிகளின் விளைபொருள்களே அங்காடியில் வந்து குவிகின்றன.

3. நாளங்காடியும் அல்லங்காடியும்

நகரின் முதற் பேரொலி நாளங்காடிக் கம்பலை (அடி 430). ஏழாம் நாள் அந்தியில் நிறைவுறும் திருவிழாவில் நாட்டார் எழுப்பும் ஆரவாரத்தை அதற்கு உவமையாக்குகிறார் புலவர். அங்காடியின் பொருள்வளத்துக்குக் கடல் உவமையாகிறது. மேகம் முகந்ததால் குறையாமலும் ஆறுகள் புகுந்ததால் மிகாமலும் இருக்கும் கடலைப் போல, கொள்ளக் குறையாமலும் கொணர மிகாமலும் அங்காடி இருக்கிறது. அளவைக் குறிக்க வந்த இவ்வுவமையிலும் கடல் கரையை மோதி ஒலிப்பதாகவே கூறப்படுகிறது. பொருளின் நிறைவும் ஒலியின் நிறைவும் இங்கு ஒன்றாகின்றன.

இதனையடுத்து மாலைப் பொழுது. கோயில்களில் அந்தி விழாவுக்கு இசைக்கருவிகள் ஒலிக்கின்றன. பௌத்தப் பள்ளி, அந்தணர் பள்ளி, அமண்பள்ளி, அறங்கூறவையம் ஆகியவற்றைக் கடந்து பாட்டு தொழிலாளர் தெருக்களுக்கு வருகிறது. சங்கினை அறுத்து வளையல் கடைவோர், மணிகளைத் துளையிடுவோர், பொன்னணி செய்வோர், பொன் உரைத்துப் பார்ப்போர், ஆடை விற்போர், செம்பினை நிறுத்து வாங்குவோர், பூவும் நறும்புகைப் பொருளும் ஆராய்வோர், ஓவியர் எனப் பட்டியல் நீள்கிறது. இப்பகுதியில் தொழிலின் பெயரே ஒலியை உள்ளடக்கி நிற்கிறது. சங்கறுப்பதும் மணி துளைப்பதும் ஓசையின்றி நிகழா. ஒலிச்சொல் இல்லாத இடத்திலும் கேட்போர் ஒலியை வருவித்துக்கொள்ளும்படி பட்டியல் அமைந்துள்ளது.

அதன் பின்னர் அல்லங்காடிக் கம்பலை (அடி 544). இங்கு உவமை மாறுகிறது. பல்வேறு பறவைகளின் ஒலி ஒருங்கெழுந்தாற் போன்றது இரவங்காடியின் ஒலி என்கிறார் புலவர். பகலொலிக்கு மக்கள் ஆரவாரம் உவமையாக, இரவொலிக்குப் பறவையொலி உவமையானது தற்செயல் எனத் தோன்றவில்லை. மாலையில் கூடு திரும்பும் பறவைகள் மரத்தில் எழுப்பும் ஒலி, ஒவ்வொரு குரலும் வேறாய் இருந்தும் ஒன்றாகக் கேட்பது. அல்லங்காடிக்குச் சற்று முன்னர்ப் பிற நாடுகளிலிருந்து கலங்களில் பண்டம் வந்திறங்குவதைப் பாட்டு கூறுகிறது. பல நிலத்தார் கூடிய அங்காடியின் ஒலிக்குப் பல்வகைப் புள்ளின் ஒலி மிகப் பொருத்தமான ஒப்பாகிறது. மேலும், கூடு திரும்பும் பறவையொலிக்கு ஒரு முடிவு உண்டு. சிறிது பொழுதில் அது அடங்கிவிடும். வரவிருக்கும் இடையாம அமைதியை இவ்வுவமை முன்கூட்டியே சுட்டுகிறது.

4. சேரியின் ஒலி

முதல் யாமத்தில் பாட்டின் செவி அங்காடியிலிருந்து குடியிருப்புகளுக்குத் திரும்புகிறது. யாழ் செவ்வழிப் பண்ணில் அமைக்கப்படுகிறது. முழவு அதனோடு இயைகிறது. ஆகுளி என்னும் சிறுபறை உடன் ஒலிக்கிறது. முதற்சூல் கொண்ட மகளிரைப் பேணும் சடங்கு ஒருபுறம், வேலன் முருகனை வேண்டி ஆடும் வெறியாட்டின் இன்னியம் ஒருபுறம், மன்றுகள்தோறும் குரவை, சேரிகள்தோறும் பேச்சும் பாட்டும் ஆட்டமும் என ஒலிகள் பெருகுகின்றன.

இங்குப் புலவர் கம்பலையை ஒன்றாகக் கூறாமல் வேறு வேறு கம்பலை எனப் பிரித்துக் கூறுவது முக்கியமானது. அங்காடியில் ஒலி ஒன்று. சேரிகளிலோ ஒலிகள் பல. அவை பின்னர்க் கலக்கின்றன. சேரி என்னும் சொல் சங்க இலக்கியத்தில் நகரின் குடியிருப்புப் பகுதியைப் பொதுவாகச் சுட்டுவது. ஒவ்வொரு சேரிக்கும் தனித்த கம்பலை உண்டு என்பது, ஒரு நகரின் பகுதிகளைச் செவியாலேயே பிரித்தறியலாம் என்னும் உணர்வைக் காட்டுகிறது. நன்னனது பிறந்தநாளில் சேரிகளில் எழும் விழா ஆரவாரம் இதற்கு உவமையாக வருகிறது. உவமையிலும் சேரியே இடம்பெறுதல் காண்க. ஷேஃபர் கூறும் அடையாள ஒலி இவ்விடத்துச் சேரிக் கம்பலையாக அமைகிறது.

5. அடங்கிய ஒலியின் பட்டியல்

இடையாமத்தைப் பாடிய முறை இப்பாட்டின் தனிச்சிறப்பு. அமைதியை அமைதி என்று கூறி விட்டுவிடாமல், எந்தெந்த ஒலி நின்றது என்று புலவர் எண்ணிக் காட்டுகிறார். சங்கின் ஒலி அடங்குகிறது. கடைகள் அடைக்கப்படுகின்றன, மகளிர் துயில்கின்றனர். அடையும் மோதகமும் விற்ற கூவியர் தம் பண்டங்களோடு இருந்தவாறே உறங்குகின்றனர். விழாவில் ஆடிய கூத்தர் ஓய்கின்றனர். இவ்வாறு ஒவ்வொருவராக அடங்கிய பின்னர், நகர் ஒலி அவிந்த கடலைப் போல ஆனது (அடி 629) என்று கூறப்படுகிறது.

பகலில் கரை மோதி ஒலித்த கடல் இரவில் ஒலியவிந்த கடலாகிறது. ஒரே உவமைப் பொருள் இரு நிலைகளில் வந்து, நகரின் ஒரு நாளைப் பேரலையும் அமைதியுமாக இணைக்கிறது. பகலில் ஒலித்தவர்களை அறிந்தவர்க்கே இரவின் அமைதி பொருளுடையது. கூவியரின் குரலைக் கேட்டவருக்கே அக்குரல் நின்றது தெரியும். அமைதியை ஒலியின் இன்மையாக மட்டும் கருதாமல், இன்னார் இப்போது ஒலிக்கவில்லை என்னும் அறிவாகக் கொண்டுள்ளது பாட்டு.

நள்ளிரவில் பேயும் அணங்கும் உலவுகின்றன. கரிய இருளோடு ஒன்றிக் கள்வர் வருகின்றனர். கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாள், செருப்பணிந்த அடி, நீலக் கச்சு, மெல்லிய நூலால் ஆன ஏணி, நிலத்தை அகழும் உளி என அவர்தம் கோலமும் கருவியும் நுட்பமாகச் சொல்லப்படுகின்றன. யானையை நாடித் திரியும் புலியைப் போல அவர்களைத் தேடும் ஊர்காவலர், மழை பொழிந்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் சோர்வின்றி எழுகின்றனர். கள்வரின் தொழில் ஒலியின்மையைச் சார்ந்தது. மழையொலியோ கள்வரின் அடியோசையை மறைப்பது. அத்தகைய இரவிலும் காவலர் தளரவில்லை என்று கூறுவதன் நயம், அந்நகரில் இரவு கேட்கப்படுகிறது என்பதை உணரும்போதே முழுமை பெறும். நகர ஒலி என்பது ஒலிப்போரால் மட்டும் ஆவதன்று, கேட்போராலும் ஆவது.

6. ஏம வைகறை

வைகறைப் பகுதி (அடி 654-686) விரியொலியின் பேரிடம். அந்தணர் மறையோதும் ஒலி, பூவில் தாதுண்ணும் தும்பியின் முரற்சியைப் போல மெல்லெனத் தொடங்குகிறது. யாழோர் மருதப்பண் இசைக்கின்றனர். முன்னிரவில் செவ்வழி, வைகறையில் மருதம் என யாழே பொழுதறி கருவியாகிறது. பாகர் யானைக்குக் கவளம் ஊட்டுகின்றனர், இலாயத்துக் குதிரைகள் புல்லை மென்று குதட்டுகின்றன, கடைகள் மெழுகப்படுகின்றன, கள் விற்போர் விலை கூறுகின்றனர்.

பின்னர் இல்லங்கள் விழிக்கின்றன. துயிலெழுந்த மகளிரின் அணிகலன்கள் நடக்கையில் ஒலிக்க, வலிய சுவருடைய மனைகளின் கதவுகள் திறக்கையில் ஓசை எழுப்புகின்றன. முன்னிரவில் உண்ட கள்ளின் மயக்கம் தீராதவர்களின் குழறும் குரல் கேட்கிறது. சூதர் வாழ்த்துகின்றனர், மாகதர் புகழ் கூறுகின்றனர், நாழிகை அறிவிக்கப்படுகிறது, முரசு ஒலிக்கிறது, ஏறுகள் தம்முள் மாறுபட்டு முழங்குகின்றன, கோழி வைகறையை அறிவிக்கிறது, அன்னம், மயில், களிறு, கூட்டில் உறையும் விலங்குகள், புலி எனக் குரல்கள் அடுக்கி வருகின்றன.

இப்பகுதியில் உவமை அருகி வினைச்சொல் பெருகுகிறது. ஏறு சிலைத்தல், கோழி இயம்புதல், அன்னம் கரைதல், மயில் அகவுதல், களிறு முழங்குதல் என ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வினை. வீட்டுக் கதவின் ஓசைக்கும் அன்னத்தின் குரலுக்கும் கரைதல் என்னும் ஒரே வினை வருவது குறிப்பிடத்தக்கது. உயிருள்ளதன் குரலையும் உயிரற்றதன் ஓசையையும் ஒரு வரிசையில் வைத்துக் கேட்ட செவியின் பதிவு இது. கதவோசை புலவர்க்கு இரைச்சலாகப்படவில்லை. விடியலின் குரல்களுள் ஒன்றாகப்பட்டது.

முடிவில் முற்றங்கள் பெருக்கப்படுகின்றன. இரவில் உதிர்ந்த முத்தும் அணிகலனும் வாடிய பூவோடு சேர்த்துக் கூட்டப்படுகின்றன. அவ்வாடற் பூக்களில் வண்டுகள் ஒலிக்கின்றன. தும்பியை உவமையாக்கித் தொடங்கிய வைகறை, முற்றத்தில் உண்மையாகவே ஒலிக்கும் வண்டில் முடிகிறது. இவ்வைகறையைப் புலவர் ஏம வைகறை என்கிறார். ஏமம் என்பது காவல், இன்பம் ஆகிய பொருள்களையுடையது. கதவு திறக்கும் ஓசையும் கடை மெழுகும் ஓசையும் விலை கூறும் குரலும் ஊர் பாதுகாப்பாக விழித்தது என்பதற்குச் சான்றுகள்.

7. பாழின் ஒலி

ஏம வைகறையை அடுத்தே, பகைவர் நாடுகளிலிருந்து கவர்ந்த யானைகளும் குதிரைகளும், ஊர்களைச் சுட்ட தீயின் வெளிச்சத்தில் ஓட்டிவந்த ஆநிரைகளும், கைப்பற்றிய கோட்டைக் கதவுகளும் மதுரைக்கு வந்து சேர்கின்றன. கங்கை கடலை நோக்கிச் சென்றாற்போல இப்பொருள்கள் வந்தன என்பது அங்குள்ள உவமை. நாளங்காடிப் பகுதியில் வந்த கடல் இங்கு மீண்டும் வருகிறது. ஒலிக்கும் கடலாகிய மதுரைக்குள் பாயும் ஆற்றின் தோற்றுவாய் எரிந்த ஊர்களாகும்.

அவ்வூர்களை இப்பாட்டின் முற்பகுதியில் புலவர் முன்பே கேட்பித்துள்ளார். நாடு காடாகியது, ஊர் இருந்த இடம் பாழாகியது, மகளிர் துணங்கை மறந்தனர், அவையிருந்த பொதியிலில் பேய்மகளிர் ஆடினர், துயருற்ற பெண்டிர் வருந்திக் குரல் எழுப்பினர், எரிந்து கரிந்த நெற்குதிர்களில் கூகைகள் குரல் கொடுத்தன, உழவு நடந்த வயல்களில் பன்றிகள் திரிந்தன. பாழ் என்பதும் ஒலியற்ற இடமன்று. மக்கள் ஒலி நீங்கிய இடத்தில் வேறு ஒலி குடியேறுவதே பாழ்.

இவ்விரு பகுதிகளின் வினைச்சொற்களை ஒப்பிடும்போது மூன்று ஒற்றுமைகள் புலப்படுகின்றன. முதலாவது, முரலுதல். எரிந்த குதிரில் கூகையின் ஒலிக்கு வரும் இவ்வினையே, வைகறை மறையொலிக்கு உவமையாகிய தும்பிக்கும் வருகிறது. இரண்டாவது, அகவுதல். அழிந்த ஊரில் துயருற்ற பெண்டிர் எழுப்பும் குரலுக்கும், மதுரையின் வைகறையில் மயில் எழுப்பும் குரலுக்கும் ஒரே வினை. மூன்றாவது, இயம்புதல். உலகாண்டு மறைந்த மன்னர்களைக் கூறுமிடத்து, அவர்தம் பாசறையில் காலையில் முரசு இயம்பியது என்கிறார் புலவர். மதுரையிலோ கோழி வைகறையை இயம்புகிறது.

இவற்றுள் மூன்றாவது சிறப்பாக நோக்கத்தக்கது. மறைந்த மன்னர் கடலலை கொழித்த மணலினும் பலர் என்பதே இப்பாட்டின் காஞ்சிக் கருத்தின் உச்சம். அம்மன்னர்க்கு அடையாளமாகப் புலவர் தேர்ந்துகொண்டது காலை முரசின் ஒலி. நெடுஞ்செழியனது நகரிலும் வைகறையில் முரசு ஒலிக்கிறது. பாட்டை முதலிலிருந்து கேட்டுவந்த அரசனுக்கு, தன் அரண்மனை முரசொலியில் முன்னோர் முரசின் எதிரொலியும் கேட்டிருக்க வேண்டும். அறிவுரையை மீண்டும் கூறாமலே ஒலியால் நினைவூட்டும் முறை இது.

காஞ்சி என்பதற்குப் புறப்பொருள் வெண்பாமாலை எதிரூன்றிப் பொருதல் என்று பொருள்கொள்ள, தொல்காப்பியம் நிலையாமையைக் கொள்கிறது. நச்சினார்க்கினியர் தொல்காப்பிய வழிநின்று இப்பாட்டுக்கு உரை வகுத்தார். அவ்வாறாயின் பாட்டின் பெரும்பகுதி நகர வளத்தைப் பாடுவது ஏன் என்னும் வினா எழும். நிலையாதது எது என்பதை அறியாதவர்க்கு நிலையாமையை உணர்த்த இயலாது. கதவு, கடை, கவளம், குரவை, கூவியர் என ஒவ்வோர் ஒலியையும் செவியில் பதித்த பின்னரே அவற்றின் இழப்பு உணரத்தக்கதாகிறது. எனவே நகர்ப்பகுதியே காஞ்சிப் பொருளின் உடலாக அமைகிறது.

8. மரபு என்னும் மறுப்பு

ஆரவாரத்தை வளத்தின் அடையாளமாகப் பாடுவது சங்கப் பாடல்களின் பொதுமரபு. ஆதலின் இவ்வொலிகளுக்குத் தனிப்பொருள் காண்பது மிகை எனக் கூறலாம். அகவுதல், முரலுதல் முதலியன பெருவழக்கான வினைகள் என்பதும் உண்மை. மரபு இருப்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் மரபுத்தொடர் மட்டுமே நோக்கமாயின், ஒலி மிகுந்தது என்று கூறுவதே போதும். யார் ஒலி எப்போது எழுந்தது, எப்போது அடங்கியது என்று பொழுது வரிசையில் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. பொதுவழக்குச் சொற்களே ஆயினும் அழிவும் விடியலும் ஒரே பாட்டுக்குள் ஒரே வினைகளால் கேட்கப்படும்போது, அவற்றின் உறவு வாசிப்பிற்கு உரியதாகிறது. புலவரின் உள்ளக்கிடக்கை எதுவாயினும், பாட்டின் அமைப்பு அவ்வுறவை ஏற்படுத்தியுள்ளது.

இவ்வாசிப்பு இன்றைய நகர ஆய்வுக்கும் ஒரு வழியைக் காட்டுகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் எனவும், வணிகப் பகுதிக்கு முறையே 65, 55 எனவும் வரம்பு விதித்துள்ளன. இரவு என்பது அவ்விதிகளில் 10 மணி முதல் காலை 6 மணி வரை. உடல்நலத்தைக் காக்க இவ்வரம்புகள் தேவை. ஆனால் டெசிபல் ஒலியின் அளவையே கூறும். அது எவருடைய ஒலி, எதனை அறிவிக்கும் ஒலி, நின்றுபோனால் எவருடைய வாழ்வு நின்றது என்பதைக் கூறாது. கூறுகட்டிக் காய்கறி விற்போரின் குரல், அம்மி கொத்துவோரின் கூவல், பூக்காரரின் அழைப்பு ஆகியவை ஒரு தெருவில் அடங்கும்போது, வரம்புக்கு உட்பட்ட அமைதி கிட்டியது என்று கருவி காட்டும். மாங்குடி மருதனாரின் முறையோ, எவர் அடங்கினார் என்று கேட்கச் செய்யும்.

நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகளில் பாட்டும் கதையும் பெற்ற இடத்தைத் தெருவொலிகளும் விற்பனைக் கூவல்களும் பெற வேண்டும். மாசி வீதிகள் போன்ற பழைய வணிகத் தெருக்களில், பொழுதும் இடமும் ஒலிப்போரின் தொழிலும் குறித்த பதிவுகளை மதுரைக்காஞ்சியின் பொழுது வரிசையையே சட்டகமாகக் கொண்டு தொகுக்கலாம். எவ்வொலி எப்பொழுது எழுகிறது என்பதோடு, எவ்வொலி நின்றது என்பதையும் முதியோர் நினைவிலிருந்து பதிவு செய்வது அதன் இன்றியமையாத பகுதியாகும்.

முடிவுரை

மதுரைக்காஞ்சியின் நகர்ப்பகுதியை ஒலிவழி ஆராய்ந்ததன் பயனாகப் பின்வருவன பெறப்படுகின்றன. நகரின் பொழுதுகள் ஒலியால் பிரிக்கப்பட்டுள்ளன. செவ்வழியும் மருதமும் இரவின் இரு எல்லைகளாகின்றன. திரண்ட ஒலி உவமையாலும் தனித்த ஒலி வினைச்சொல்லாலும் பாடப்பட்டுள்ளது. சேரிகள் தத்தமக்குரிய கம்பலை உடையன. அமைதி, அடங்கியோரின் பட்டியலாகக் காட்டப்பட்டுள்ளது. விடியலின் ஒலிகளுக்கும் அழிந்த ஊர்களின் ஒலிகளுக்கும் முரலுதல், அகவுதல் என்னும் வினைகள் பொதுவாக நிற்கின்றன. மாண்ட மன்னரின் காலை முரசையும் மதுரையின் வைகறையையும் இயம்புதல் இணைக்கிறது.

நெடுஞ்செழியனது மதுரையில் கதவுகள் காலையில் ஓசையுடன் திறந்தன. அவன் வென்ற ஊர்களில் திறக்கக் கதவுகள் இல்லை. இவ்விரண்டையும் ஒரே பாட்டில் அரசன் கேட்குமாறு அமைத்ததே மாங்குடி மருதனார் உரைத்த காஞ்சி.